அறியாமையா, நோக்காமையா?

ஒன்றுக்கொன்று சாயலில் நெருங்கிய இரண்டு பொருள்களைப் பிரித்தறியக் கற்பித்தல் ஆசிரியர் பணியில் பெரும்பகுதி. களப்பணியாளரின் பயிற்சியிலும் அப்படியே. 'எ' என்பதையும் 'ஏ' என்பதையும் மயங்கும் சிறுவனும், பூச்சி தாக்கிய பயிரையும் நீரின்றி வாடிய பயிரையும் மயங்கும் புதிய ஊழியரும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றனர். இத்தகையோரைக் குறித்து, "எத்தனை முறை சொன்னாலும் ஏறாது" என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. அத்தீர்ப்புப் பல வேளைகளில் தவறானது என்பதற்கு மனோதத்துவப் பரிசோதனைகளிலேயே தக்க சான்று உண்டு. கற்பவருக்கு அறிவு போதவில்லையா, அன்றி வேற்றுமை இருக்குமிடத்தில் அவர் கண் படவே இல்லையா என்ற வினாவை முதலில் எழுப்புவதே முறையாகும்.

1952-ஆம் ஆண்டில் வைகாஃப் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவுக்கு ஒரு தெளிவான உருவம் கொடுத்தது. அவருடைய பரிசோதனையில் கூண்டிலிட்ட புறாவின் எதிரே கொத்துவதற்கு ஒரு சிறு வட்ட வில்லை இருந்தது. சில வேளைகளில் அதைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். வேறு சில வேளைகளில் எவ்வளவு கொத்தினாலும் கிடைக்காது. இரண்டும் ஒழுங்கின்றி மாறி மாறி வரும். வில்லை வெண்மையாகவே இருந்தமையால் எது எந்த வேளை என்று அறிய வழியில்லை. ஆனால் கீழேயுள்ள மிதிகட்டையைப் புறா மிதித்திருக்கும் வரையில் வில்லை சிவப்பாகவோ பச்சையாகவோ மாறி, அது எந்த வேளை என்பதைத் தெரிவிக்கும். மிதிப்பதனால் ஒரு மணி தானியமும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது செய்தி மட்டுமே. ஆயினும் நிறம் உண்மை சொன்ன வரையில் புறாக்கள் மிதித்தன. நிறத்திற்கும் தானியத்திற்குமுள்ள தொடர்பை அறுத்தவுடன் மிதித்தல் தளர்ந்தது.

கழுத்தைத் திருப்புவதிலும் விழியை நிறுத்துவதிலும் மறைந்து கிடக்கும் ஒரு செயலை மிதிகட்டையின் மூலம் வெளிப்படையாக எண்ணக்கூடியதாக்கியதே இப்பரிசோதனையின் சிறப்பு. நோக்குதல் என்பது கண் திறந்திருந்தால் தானே நிகழ்வதன்று. அதுவும் ஒரு செயல். பயன் கண்டால் வளரும், பயனின்றேல் தேயும்.

நோக்கும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1961-இல் ரெனால்ட்ஸ் என்பவர் இரு புறாக்களுக்குச் சிவப்புப் பின்னணியில் வெண்முக்கோணத்தைக் கொத்தவும், பச்சைப் பின்னணியில் வெண்வட்டத்தைக் கொத்தாதிருக்கவும் பயிற்சி அளித்தார். இரண்டும் பாடத்தைச் செவ்வையாகக் கற்றன. பின்னர் நிறத்தையும் வடிவத்தையும் தனித்தனியே காட்டியபோது ஒரு புறா சிவப்பை மட்டும் கொத்தியது. மற்றது முக்கோணத்தை மட்டும் கொத்தியது. ஒரே விடையைத் தந்த இரு மாணவர்கள் ஒன்றையே கற்றிருப்பார்கள் என்று நம்பும் தேர்வாளர்கள் இதைச் சற்று எண்ணிப்பார்த்தல் நலம்.

ஆசிரியர்களுக்கு யாவற்றினும் முக்கியமானது சீமன், ஹவுஸ் ஆகிய இருவரும் 1963-இல் வெளியிட்ட ஆய்வாகும். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் முன் நிறத்திலும் வடிவிலும் வேறுபட்ட இரு பொருள்களை வைத்து, ஒன்றன் கீழ் மிட்டாயை மறைத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கும்படி அவர்கள் செய்தனர். குழந்தைகள் அனைவரின் மதிப்பெண்களையும் சராசரியாக்கி வரைந்தால் கோடு மெல்ல மெல்ல ஏறுகிறது. கல்வி சிறுகச் சிறுகச் சேர்கிறது என்றே தோன்றும். ஒவ்வொரு குழந்தையும் பாடத்தில் தேறிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வரைந்தபோதோ முற்றிலும் வேறான காட்சி புலப்பட்டது. நெடுநேரம் கோடு சமதளமாகவே ஓடுகிறது. அந்நிலையில் குழந்தையின் விடைகள் குருட்டாம்போக்கில் பாதிக்குப் பாதி சரியானவை. பின்னர் கோடு திடீரெனச் செங்குத்தாக ஏறுகிறது. மந்தமாகக் கற்ற குழந்தைக்கும் விரைவாகக் கற்ற குழந்தைக்கும் அந்த ஏற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சமதளத்தின் நீளத்திலேயே வேறுபாடு இருந்தது. நோக்க வேண்டிய கூறு எது என்று கண்டுகொள்ளும் வரையில் நீடிக்கும் காலமே அச்சமதளம் என்று அவ்விருவரும் பொருள் கூறினர். கண்டுகொண்ட பின் கற்றல் தாமதிக்கவில்லை.

இவ்விளக்கத்தை ஏற்றால் வகுப்பறையின் சில வழக்கங்கள் தவறான இடத்தில் பாடுபடுகின்றன என்பது தெளிவு. 'ஏ' என்னும் எழுத்தை ஐம்பது முறை எழுதும்படி தண்டிப்பது, சமதளத்தில் நிற்கும் சிறுவனை அச்சமதளத்திலேயே ஓடவிடுவதாகும். இரண்டு எழுத்துகளுக்கும் உடல் ஒன்று. வேற்றுமை கீழேயுள்ள ஒரு சிறு கோட்டில் மட்டுமே. அக்கோட்டை முதலில் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் பெரிதாகத் தீட்டிக்காட்டி, பின் நாளடைவில் மற்றக் கோடுகளின் அளவிற்குக் குறைத்துவருதல் பயன் தரும். இம்முறைக்குப் பரிசோதனைச் சான்றும் உண்டு. வெளிச்சத்தில் நுண்ணிய வேறுபாட்டை முதலிலிருந்தே பழக்கிய எலிகளைவிட, பெரிய வேறுபாட்டில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணியதற்கு வந்த எலிகள் மேம்பட்டதை லாரன்ஸ் என்பவர் 1952-இல் காட்டினார்.

களத்தில் இச்செய்தியின் கனம் இன்னும் அதிகம். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி இலை நுனியில் உட்காருவதில்லை. தூர்களின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வயல் பசுமையாகவே தோன்றும். பயிர் வட்டவட்டமாகக் கருகித் தீய்ந்தது அவருக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிடும். 1973-74-இல் கேரளத்து வயல்கள் இப்பூச்சியால் பெரும் சேதமுற்றன. பூச்சியின் பெயரும் வண்ணப்படமும் மனப்பாடமான ஊழியர்கூட, குனிந்து குத்தைத் தட்டிப் பாராவிடில் அறியாதவரேயாவார்.

அவர் ஏன் குனிவதில்லை? சோம்பல் என்று கூறிவிடலாம், அது விளக்கமாகாது. ஹாலண்ட் என்பவர் 1958-இல் வெளியிட்ட பரிசோதனையில், இருட்டறையில் அமர்ந்தவர்கள் ஒரு விசையை அழுத்தினால் மட்டுமே எதிரிலுள்ள முள்காட்டி ஒரு கணம் ஒளிபெறும். முள் விலகியிருப்பதைக் கண்டுபிடிப்பதே அவர்கள் வேலை. முள் அடிக்கடி விலகியபோது அவர்கள் அடிக்கடி பார்த்தனர். விலகுவது நின்றபோது பார்ப்பதும் காலப்போக்கில் நின்றது. ஆறு வாரம் தொடர்ந்து குனிந்தும் ஒரு பூச்சியும் காணாத ஊழியர் ஏழாம் வாரம் வரப்பிலிருந்தே "பூச்சி இல்லை" என்று எழுதுவாராயின், அவர் அந்த இருட்டறை மனிதரின் நிலையிலேயே இருக்கிறார். கண்டால் கூடுதல் அறிக்கையும் மேலிடத்து விசாரணையும் வருமென்றால் நோக்குதல் இன்னும் விரைவில் தேயும்.

எல்லாத் தவறுகளும் நோக்காமையால் வருவன என்று கொள்வது மிகையாகும். கண்பார்வைக் குறையுள்ள குழந்தையும் பசியோடு வரும் குழந்தையும் உண்டு. கண்ணுக்குப் பட்ட பின்னும் பொருள் விளங்காத பாடங்களும் உண்டு. எனினும் மேற்பார்வையாளர்கள் முடிவை மட்டும் கேட்டு, முடிவுக்குக் கொண்டுசெல்லும் நோக்கும் செயலுக்கு ஒரு மதிப்பும் அளியாதிருப்பது பெருங்குறையே. "பூச்சி உண்டா, இல்லையா" என்ற ஒரு கேள்வியோடு கண்காணிப்புப் படிவம் நின்றுவிடலாகாது. எத்தனை குத்துகள் தட்டிப் பார்க்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை என்ன என்பதற்கும் அதில் இடம் வேண்டும். சுழியம் நிரம்பிய பக்கத்தையும் மேலதிகாரி வாங்கிப் படித்து, சில வேளைகளில் அதே வயலில் தாமும் இறங்கிச் சில குத்துகளைத் தட்டிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.