வேலையை விடுவதா, ஒன்றரை மணியை விடுவதா?

திருமழபாடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொள்ளிடக் கரையில், நந்தி கல்யாணத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி அரியலூருக்குப் போய், ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறார். சர்வீஸ் நாலு வருஷம் நாலு மாசம். சம்பளம் 12,000 ரூபாய். காலை 10 மணிக்குப் போனால், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போக, மாலை 7 மணிக்கு விட வேண்டும். ஆனால் விடுவதில்லை. பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி, சரக்கைக் கணக்குப் பார்த்து, வெளியே வர 8.30 ஆகிவிடுகிறது. அந்த ஒன்றரை மணிக்குச் சல்லிக்காசு கிடையாது.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள மூணு வயசுப் பிள்ளை தூங்கிப் போயிடுது. 'இந்த வேலை இல்லேன்னா குடியா முழுகிடும், விட்டுத் தொலை'ங்கிறாங்க அத்தை. அவர் 'உன் இஷ்டம்'னுட்டு சும்மா இருக்கார். விட்டுடட்டுமா?" என்று கேட்கிறார்.

இதே கேள்வி ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் தனியார் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் மனசில் இருக்கிறது. அதனால் எல்லோருக்குமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுங்கள். மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி நேரம். 12,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 69 காசு. தினம் ஒன்றரை மணி கூடினால் மாசத்தில் 39 மணி நேரம் ஜாஸ்தி. அதே சம்பளத்தை 247 மணியால் வகுத்தால் 48 ரூபாய் 58 காசுதான் வருகிறது. மணிக்கு 9 ரூபாய் போல உங்கள் கூலி குறைந்துவிட்டது. குறைத்தவர் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் மாநிலத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. கடையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் சம்பளம், அதுவும் இரட்டிப்பாக. அப்படிக் கொடுத்தாலும் ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய ஊதியச் சட்டமும் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக்குக் குறையக் கூடாது என்றுதான் சொல்கிறது. இந்தச் சகோதரியின் கணக்கில் அது மாசம் 4,500 ரூபாய்! வாரம் ஆறு நாளில் 57 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்பதால், பணம் கொடுத்தாலும்கூட அது வரம்பு மீறியதே. புடவை மடிப்பதும் வேலைதான். வாடிக்கையாளர் போன பிறகு செய்வதால் அது இனாம் ஆகிவிடாது.

உடம்பின் கணக்கு ஒன்றும் உண்டு. நாள் பூராவும் நின்றால் கால் வீங்கும், நரம்பு புடைத்துக்கொள்ளும். சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும் தொற்றும் வரும். இதற்கு இரட்டிப்புச் சம்பளம் ஈடாகாது.

"கேட்டா நடந்துடுமா? வேலையே போயிடும்" என்பீர்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, உட்கார அனுமதி இல்லை. விஜி என்ற தையல்காரப் பெண்மணி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு கண்டார். வருஷக்கணக்கில் பேசினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021-ல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டு வந்தது. தனி ஒருத்தி கேட்டால் 'வாயாடி'. நாலு பேர் சேர்ந்து கேட்டால் அது நியாயம். ஆகவே கூட நிற்கும் பெண்களிடம் முதலில் பேசுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் குறித்து வாருங்கள். ஒரு மாசம் ஆனதும் முதலாளியிடமோ மானேஜரிடமோ தணிந்த குரலில் கேளுங்கள்: "ஐயா, 7 மணிக்கு விடுங்க; இல்லேன்னா கூடுதல் நேரத்தை எழுதிச் சம்பளம் கொடுங்க." பிறகு அதையே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்ட உதவி இலவசம்.

இத்தனைக்கும் அசையாத கடை என்றால், தாராளமாக விடுங்கள். ஆனால் தேதி பார்த்து விடுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடையில் ஐந்து வருஷம் முடித்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி உண்டு. சம்பளம் முழுதும் கணக்கில் வந்தால் இவருக்குச் சுமார் 34,600 ரூபாய். இன்னும் எட்டு மாசம்தான். அதற்குள் வேறு இடம் தேடலாம், கையில் மூன்று மாசச் செலவுக்குச் சேர்க்கலாம். உடம்புக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். ராஜினாமாவை எழுதிக் கொடுங்கள். விலகியவருக்குப் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது புதிய சட்டம்.

கடைசியாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "விட்டுடு" என்று சொல்வது சுலபம். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்ட பெண் திரும்பப் போய்ச் சேர்வது எத்தனை பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். தப்பு அவள் வேலைக்குப் போவதில் இல்லை, கூலி இல்லாமல் வேலை வாங்குவதில்தான். "உன் இஷ்டம்" என்று ஒதுங்காமல், அந்த மனுவை எழுத ஒரு நாள் சாயங்காலம் கூட உட்காருங்கள். ராத்திரிச் சோற்றை ஒரு நாள் நீங்கள் வடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.