சொன்முறை மாற்றும் தமிழ் மாணாக்கரும்

முறை பிறழ்ந்த சொற்றொடர்களைக் கொடுத்து, அவற்றை ஒழுங்குபடுத்திச் செவ்விய ஆங்கில வாக்கியமாக எழுதுக என்னும் வினா நம் பரீட்சைத் தாள்களில் நெடுநாளாக வருவதொன்று. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பல்லாண்டு பின்பற்றிய காரைக்கால் பள்ளிகளின் மாணாக்கரும் இதனை நன்கறிவர். இஃது இரண்டு மதிப்பெண்ணுக்குரிய சிறுபிள்ளை விளையாட்டென்று இகழ்வாரோடு நாம் உடன்படோம். ஆனால், இவ்வினாவில் தடுமாறும் மாணாக்கனை நோக்கி, "தமிழில் எண்ணாதே, ஆங்கிலத்தில் எண்ணு" என்று கூறி அமைந்துவிடும் வழக்கம் பெரிதும் தவறென்போம்.

அவன் தடுமாறுவது அறியாமையாலன்று. 'இராமன் வாலியைக் கொன்றான்' என்றாலும், 'வாலியை இராமன் கொன்றான்' என்றாலும், 'கொன்றான் வாலியை இராமன்' என்றாலும் இராமகதை மாறுவதில்லை. 'ஐ' என்னும் உருபு வாலியைப் பற்றி நின்று, இறந்தவன் இன்னானென்று காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தில் 'ராமா கில்டு வாலி' என்பதனை 'வாலி கில்டு ராமா' என மாற்றினால் கதையே தலைகீழாய்விடும். அங்கே உருபு செய்யும் வேலையை இடம் செய்கின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஆங்கிலத்திலும் வேற்றுமை ஈறுகள் இருந்தன; அவை நாளடைவில் தேய்ந்தொழியவே, சொற்களின் வரிசை இறுகிவிட்டது. இச்செய்தியைக் கூற வகுப்பில் கால் மணி நேரம் போதும். கூறுவார்தாம் அரியர்.

மாணாக்கர் மிகுதியும் இடர்ப்படுவது பெயரெச்சத்திலே. 'குளத்தில் விழுந்த பையனைக் காப்பாற்றிய கிழவர்' என்று நாம் சொல்ல, ஆங்கிலேயர் 'தி ஓல்டு மேன் ஹூ சேவ்டு தி பாய் ஹூ ஃபெல் இன்டு தி டாங்க்' என்பர். நம் தொடரின் கடைச்சொல் அவர்க்கு முதற்சொல்; நம் முதற்சொல் அவர்க்குக் கடை. கண்ணாடியிற் கண்ட உருவம்போல் முழுதும் திரும்பி நிற்கின்றது. திராவிட மொழிகளில் வினைமுற்று இறுதியில் நிற்பதனைக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே எடுத்துக்காட்டினார். இத்திருப்பத்தை ஒருமுறை கண்டுகொண்ட மாணாக்கன் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடிப்பிடித்து முதலில் வைத்து, முற்றுப்புள்ளி உள்ளதைக் கடையில் வைத்து, எஞ்சியவற்றைக் குருட்டாம்போக்கில் அடுக்கமாட்டான்.

மேலும், முறை மாறிய சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளுதல் நமக்குப் புதிய கலையா? நன்னூலார் பொருள்கோள் எட்டென வகுத்தார். அவற்றுள் மொழிமாற்றும் கொண்டுகூட்டும் அடிமறிமாற்றும் இவ்வேலையே அன்றோ? தமிழ் வகுப்பில் வெண்பாவைப் பிரித்துச் சொற்களைக் கொண்டுகூட்டிய பிள்ளையை, அடுத்த மணியில் ஆங்கில வகுப்பில் தமிழை மறவென்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை. அற்புதத் திருவந்தாதி பாடிய அம்மையார் பிறந்த ஊரிலேனும் இது நடவாதிருக்கலாம்.

காரைக்காலுக்கு இன்னொரு வாய்ப்புமுண்டு. 1739-இல் பிரெஞ்சியர் கைப்பட்டு, இடையிடையே ஆங்கிலேயர் வசமாகி, 1954 நவம்பர் 1-இல் இந்திய ஆட்சியிற் சேர்ந்த இவ்வூரில் பிரெஞ்சு கற்றோர் இன்றும் உளர். அம்மொழி பெரும்பாலும் ஆங்கிலம்போலவே சொல்லை நிறுத்துமாயினும், 'அதைக் காண்கிறேன்' என்னுமிடத்து 'அதை' என்பதனை நம்மைப்போல் வினைக்கு முன்னே வைக்கின்றது. மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுதற்கு இதனினும் ஏற்ற இடம் யாது?

திருத்துவோர்க்கும் ஒரு சொல். 'தி போட்ஸ் ரிட்டர்ன்டு டு தி ஷோர் இன் தி ஈவ்னிங்' என்பது சரி. 'இன் தி ஈவ்னிங்' என்பதனை முதலில் வைத்தெழுதினும் சரியே. விடைக்குறிப்பில் ஒன்றே அச்சிட்டிருக்கின்றதென்று மற்றொன்றை அடித்துவிடுதல் முறையன்று. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு அவ்விரண்டு மதிப்பெண் சிறிதன்று. பொருள் மாறாத எல்லா வரிசைக்கும் மதிப்பெண் அளிக்கவென்று விடைக்குறிப்பிலேயே ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.