ஸ்பாவுல கேமரா இருக்கான்னு கேட்டோம், கெண்டைக்கால்ல வீக்கம் இருக்கான்னு யார் கேட்கிறது?

1) தெருவுக்குத் தெரு ஸ்பா வந்தாச்சு. முன்னாடி பெரிய ஓட்டலுக்குள்ள இருந்தது, இப்போ மொபைல் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவுல மாடிப்படி ஏறினா இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, பத்து சிட்டிங் சேர்த்து எடுத்தா ஆஃபர். இதைப் பத்தி ஒரு அரசு மருத்துவமனை டாக்டரா கொஞ்சம் கோபமா பேச வேண்டியிருக்கு. நீளமான இழை. பொறுமையா படிங்க.

2) முதல்ல ஒண்ணு. நான் மசாஜுக்கு எதிரி இல்லை. உடம்பு அசதியா இருந்தா பிடிச்சு விடச் சொல்றது நம்ம வீட்டுப் பழக்கம். திடீர்னு வந்த சாதாரண இடுப்பு வலிக்கு, மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ணக்கூடியவற்றில் மசாஜையும் ஒண்ணா அமெரிக்க மருத்துவர் கல்லூரியோட 2017 வழிகாட்டுதல் சேர்த்திருக்கு. அந்த சுகம் கொஞ்ச நாளைக்குத்தான். ஆனா சுகம் சுகம்தான். காசு இருக்கா, போங்க, படுங்க, தூங்கிட்டு வாங்க.

3) அப்போ கோபம் எதுக்கு? நம்ம ஊர்ல ஸ்பான்னா ரெண்டே செய்திதான். ஒண்ணு போலீஸ் ரெய்டு. இன்னொண்ணு ஆடித் தள்ளுபடி. அங்கே படுக்கிற உடம்புக்கு என்ன ஆகும்னு மூணாவது ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கிறதில்லை.

4) 2021 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ஸ்பா, மசாஜ் சென்டர்கள்ல சிசிடிவி கேமரா வைக்கணும்னு உத்தரவு போட்டது. 2022 ஜனவரியில அதே நீதிமன்றத்தோட மதுரைக் கிளையில இன்னொரு நீதிபதி, உள்ளே கேமரா வைக்கிறது தனியுரிமைக்கு எதிரானதுன்னு சொன்னார். எது சரிங்கிறதை சட்டம் படிச்சவங்க பேசட்டும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: கேமராவுக்கு ரெண்டு தீர்ப்பு வரைக்கும் போன நாம, படுக்க வர்றவர்கிட்ட "உங்களுக்கு என்ன நோய் இருக்கு"ன்னு கேட்க ஒரு தாள் வைக்கச் சொல்லி ஒரு குரல் கூட கொடுக்கலை.

5) அந்தத் தாள் எதுக்குன்னு கேட்பீங்க. கெண்டைக்கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலிச்சு, தொட்டா சூடா இருந்தா, அது சதைப்பிடிப்பா இருக்கலாம். உள்ளே இருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகவும் இருக்கலாம். நாங்க டி.வி.டி-ன்னு சொல்றது இதைத்தான். மாவுக்கட்டு போட்டவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பிணிகள், பிரசவம் ஆனவங்க, புற்றுநோய் இருக்கிறவங்க, ராத்திரி முழுக்க பஸ்லயோ விமானத்திலயோ உட்கார்ந்து வந்தவங்க, இவங்களுக்கு ஆபத்து அதிகம்.

6) அந்தக் காலை அழுத்தி உருவினா கட்டி கழன்று, இதயம் வழியா போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைச்சிடலாம். கட்டி பெருசா இருந்தா சில நிமிஷத்துல உயிர் போகும்.

இது பயமுறுத்தல் இல்லை. டெல்லியில ஒரு 23 வயசு இளைஞர், பேட்மின்டன் ஆடும்போது கணுக்கால்ல அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டு பிரிச்ச பிறகும் கால் வலி. அம்மா பாசத்தோட எண்ணெய் போட்டு உருவி விட்டாங்க. கட்டி நுரையீரலுக்குப் போய் இறந்துட்டார். 2017-ல பத்திரிகைகள்ல வந்தது. பிரேதப் பரிசோதனை பண்ணினது எய்ம்ஸ். அம்மா கைக்கே தெரியாத விஷயம், மூணு வாரம் பழகிட்டு வந்த கைக்கு எப்படித் தெரியும்?

7) இதுல நம்ம பேச்சு வழக்கும் ஒரு காரணம். தமிழ்ல நரம்பும் நரம்புதான், ரத்தக்குழாயும் நரம்புதான். "கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு, எடுத்து விடுங்க"ன்னு சொல்லிட்டுப் படுக்கிறோம். அவங்களும் "ஆமா சார், முடிச்சு தெரியுது"ன்னு கட்டை விரலால அழுத்துறாங்க. அந்த முடிச்சு சுருண்ட ரத்தக்குழாய். விரலால நிமிர்த்தி விடுற சமாச்சாரம் இல்லை அது.

8) அடுத்து கழுத்து. சடக்குன்னு ஒரு சத்தம் வரணும், அப்பத்தான் காசு கொடுத்த திருப்தி. மூளையோட பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போற ரெண்டு குழாய், கழுத்தெலும்புகளோட பக்கவாட்டு ஓட்டைகளுக்குள்ள நுழைஞ்சு மேலே போகுது. கழுத்தை வேகமா திருப்பும்போது அதோட உள்சுவர் கிழியலாம். கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறையும். அது மூளைக்குப் போனா பக்கவாதம். எல்லாருக்கும் நடக்காது, அரிதுதான். ஆனா நடந்தா 30 வயசுன்னு பார்க்காது.

9) கழுத்தைத் திருப்பினாத்தான்னு இல்லை. சலூன்ல தலை அலச, பேசின் மேல கழுத்தைப் பின்னாடி மடக்கி வச்ச பெண்களுக்குப் பக்கவாதம் வந்ததை 1993-லயே ஒரு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினார். அதுக்கு "பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்"னே பேர் வந்துச்சு. 2022-ல ஹைதராபாத்துல ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி நடந்தது செய்தியாச்சு.

கழுத்துல வேலை நடந்த பிறகு புதுசா கழுத்து வலி, தலைசுத்தல், தள்ளாட்டம், ரெட்டையா தெரியறது, வாய் குழறுறது, இதுல எது வந்தாலும் "ஒரு நாள் பார்ப்போம்"னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்.

10) சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியா சொல்லணும். பல வருஷம் சர்க்கரை இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். ஹாட் ஸ்டோன் மசாஜ்னு சூடான கல்லை வைப்பாங்க. "சூடு தாங்குதா சார்?"னு கேட்பாங்க. தாங்கும். ஏன்னா சுடுறதே தெரியாது. மறுநாள் கொப்புளம், அப்புறம் ஆறாத புண். அந்தப் புண்ணோட முடிவு எதுவா இருக்கும்னு ஜி.எச் சர்ஜரி வார்டுல ஒரு நாள் நின்னு பார்த்தா தெரியும். 1,500 ரூபாய்க்கு விரலை விலை பேசாதீங்க.

11) முதுகு வலி. வலியோட சேர்ந்து சாயங்காலம் காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வலியில தூக்கம் கெடுறது இருந்தா முதுகெலும்பு டிபி-யா இருக்கலாம். எங்கேயோ இருக்கிற புற்றுநோய் எலும்புக்கு வந்ததா இருக்கலாம். கால் மரத்துப் போய், சிறுநீர் போறதுல சிக்கல் வந்தா அது எமர்ஜென்சி. இந்த முதுகு மேல பத்து சிட்டிங் பேக்கேஜ் ஓட்டினா, போறது காசு மட்டும் இல்லை. நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய ரெண்டு மாசமும் போகும்.

12) அப்புறம் அந்த "டாக்சின்". உடம்புல நச்சு சேர்ந்திருக்கு, மசாஜ்ல வெளியேத்துறோம்னு போர்டு. எந்த நச்சு, பேர் என்ன? பதில் வராது. உங்க சிறுநீரகம் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. கல்லீரல் ராப்பகலா வேலை பார்க்குது. ரெண்டும் சம்பளம் கேட்கலை, ஆஃபரும் போடலை. அதே மாதிரி, தொப்பையை அமுக்கினா கொழுப்பு கரையாது. கரையும்னா பரோட்டா மாஸ்டருக்கு வேற வேலை கிடைச்சிருக்கும்.

13) "மசாஜ்"னு போர்டு இருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை. அது "தெரபி" ஆகி, "பெயின் கிளினிக்" ஆகி, "டிஸ்க் பிரச்சினைக்கு ஆபரேஷன் இல்லாத தீர்வு"ன்னு ஆகும்போதுதான் பிரச்சினை. வலிக்குக் கை வச்சு வைத்தியம் பண்ணப் படிச்சவங்க இருக்காங்க. அவங்க பேர் பிசியோதெரபிஸ்ட். வருஷக்கணக்கா உடற்கூறியல் படிச்சுட்டு வர்றாங்க. அவங்க தொழிலை ஒழுங்குபடுத்த 2021-ல நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கு. அவங்க முதல்ல கத்துக்கிறது எப்போ கை வைக்கக் கூடாதுங்கிறதை.

14) "ஜி.எச் வந்தா நாலு மணி நேரம் கியூ, டாக்டர் நிமிர்ந்து கூடப் பார்க்கிறதில்லை, ஸ்பாவுலதான் 'எங்கே வலிக்குது'ன்னு கேட்கிறாங்க"ன்னு சொல்வீங்க. அந்தக் குறை நியாயமானது. ஒரு காலை ஓபியில ஒரு டாக்டர் முன்னாடி அவ்வளவு கூட்டம் நிக்கிறது அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனா கியூ நீளமா இருக்குன்னு நோயை ஸ்பாவுல இறக்கி வைக்க முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில பிசியோதெரபி இலவசம். 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறாங்க. கேட்டு வாங்குங்க. அது உங்க வரிப்பணம்.

15) கமெண்ட்ல வந்து கண்ணடிக்கப் போற ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வேலை செய்யறவங்கள்ல பலர் மணிப்பூர், மிசோரம்னு வடகிழக்குல இருந்து பிழைக்க வந்தவங்க. ஒரு நாளைக்கு எத்தனை உடம்பைப் பிடிக்கிறாங்களோ, அத்தனை வலி அவங்க கட்டை விரல் மூட்டுலயும் மணிக்கட்டுலயும் சேருது. உங்க அசிங்கமான ஜோக்கும் சேர்ந்து அவங்க தலையில. என் கோபம் அவங்க மேல இல்லை. சரியான பயிற்சி கொடுக்காம "டிஸ்க் தெரபி"ன்னு போர்டு மாட்டின முதலாளி மேல. அதைப் பார்த்துட்டுக் கடந்து போற அதிகாரி மேல.

16) "எங்க பாட்டி உருவி விட்டுத்தான் நாங்க வளர்ந்தோம்"னு ஒருத்தர் வருவார். சரி. ஆனா அந்தப் பாட்டிக்கு உங்களைப் பிறந்ததுல இருந்து தெரியும். உங்களுக்கு என்ன நோய், எப்போ விழுந்தீங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாம் தெரியும். அந்தத் தகவலைத்தான் நானும் ஒரு தாள்ல கேட்கச் சொல்றேன்.

17) கேட்கிறது நாலே விஷயம்.

உரிமம் கொடுக்கும்போதே, ஒவ்வொரு வாடிக்கையாளர்கிட்டயும் ஒரு பக்க நோய் விவரத் தாள் கட்டாயம்.

பிசியோதெரபிஸ்ட் இல்லாத இடத்துல நோயைக் குணப்படுத்துறதா போர்டு கூடாது.

கழுத்தைச் சடக்குன்னு திருப்புறது முழுக்கத் தடை.

"இது எங்க வேலை இல்லை, டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்ற ஊழியருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

இதுக்கு கேமராவும் வேண்டாம், ரெய்டும் வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் மெஷின் போதும்.

18) அது வர்ற வரைக்கும் உங்க பொறுப்பு. ஒரு கால் வீக்கம், மாவுக்கட்டு பிரிச்ச கால், சமீபத்து ஆபரேஷன், காய்ச்சல், தோல்ல புண், காரணம் தெரியாத கட்டி, இதோட போகாதீங்க. கர்ப்பமா இருந்தா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, இதய நோய் இருந்தா, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க. சர்க்கரை இருந்தா சூடான கல், ஸ்டீம் வேண்டாம். படுக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லுங்க: "கழுத்தைத் திருப்பாதீங்க." விரிச்ச துணி புதுசா துவைச்சதான்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. காசு உங்களது, கழுத்தும் உங்களது.

19) ஸ்பாவுக்குப் போறது குத்தம் இல்லை, கெட்ட பேரும் இல்லை. அசதிக்குப் போங்க. நோய்க்கு இங்கே வாங்க. கியூ நீளம்தான், ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். ஆனா உங்க கெண்டைக்காலை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க இங்கே ஆள் இருக்கு.

வீட்டுல சர்க்கரை, பிரஷர் இருக்கிற பெரியவங்க இருந்தா 5, 10, 18 மூணையும் மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.