தாமரையின் தாய்வழி உறவு

சோழவந்தான் பக்கத்துக் கண்மாய்களில் தாமரையையும் அல்லியையும் ஒருங்கே காண்பவர்க்கு அவை அக்காள் தங்கை எனவே தோன்றும். இரண்டும் சேற்றில் வேரூன்றி, நீண்ட காம்பில் மலர்வன. செடிகளுக்கு முறையாகப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸும் 1753-இல் தாமரையை அல்லிக் குலத்திலேயே சேர்த்தார். அது புறத்தோற்றம் கண்டு வழங்கிய தீர்ப்பு.

அகத்தே வேறொரு சாட்சி உண்டு. செடியின் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தரும் அடுப்புகள் அவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தனித்து வாழ்ந்த பாக்டீரியா ஒன்று மற்றோர் உயிரணுவினுள் குடிபுகுந்ததன் வழித்தோன்றல்கள் இவை என்பர் அறிவியலார். ஆதலின் இவற்றுக்கெனத் தனி மரபேடு உண்டு. மனிதரிடத்தும் பெரும்பாலான பூச்செடிகளிடத்தும் அவ்வேடு தாய்வழியே வருகிறது.

மனிதரின் ஏட்டில் 16,569 எழுத்துகள். 2016-இல் வெளியான தாமரையின் ஏட்டிலோ 5,24,797 எழுத்துகள்! கடலடியில் வாழும் ஸோஸ்டிரா என்னும் புல்லுக்கு 1,91,481 மட்டுமே. மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டது. நீரில் வாழ்வன யாவும் ஒரே வழியில் மாறவில்லை என்பது இதனால் விளங்கும். செடிகளின் இவ்வேட்டில் பக்கங்கள் அடிக்கடி இடம் மாறினும், முக்கியமான மரபணுக்களின் எழுத்துகள் பொதுவாக மிக மெதுவாகவே மாறுகின்றன. பழைய உறவை அறிய அஃது உதவுகிறது.

மரபெழுத்துகளை ஒப்பிட்டபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. அல்லி, பூச்செடிகளின் மிகப் பழைய கிளைகளுள் ஒன்று. தாமரைக்கோ, மலைத்தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமே நெருங்கிய உறவு! வைகையில் படரும் ஆகாயத்தாமரையோ பெயரளவில்தான் தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது, வாழைக்கும் நெல்லுக்கும் அணுக்கமானது.

இவ்வேறுபாடு ஏட்டறிவோடு நிற்பதன்று. கண்மாயைத் துப்புரவு செய்யும் வேளையில், "எல்லாம் தாமரைதானே" என ஆகாயத்தாமரையை விட்டுவைத்தால் அது நீர்ப்பரப்பையே மூடிவிடும். "எல்லாம் களைதானே" என யாவற்றையும் வாரி எறிந்தால் நம் தாமரையும் அல்லியும் அழியும். பிள்ளைகளுக்கு அடையாளம் கற்பிப்போம்: வட்ட இலையின் நடுவே காம்பு பொருந்தி, விளிம்பில் பிளவின்றி இருப்பது தாமரை, மிதக்கும் இலையில் காம்புவரை பிளவுள்ளது அல்லி, காம்பு உப்பி, வேர் தரை தொடாது மிதந்து, ஊதாப் பூப்பது ஆகாயத்தாமரை. களைய வேண்டியது மூன்றாவதை மட்டுமே.