காட்டுக்கு யார் விலை கொடுப்பது?

பொன்முடிக்குப் போகும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நிலம் கைமாறிய கதையில் அதைவிட அதிகம்.

மலையிலுள்ள மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டிலிருந்து சுமார் 80 ஏக்கரை, விண்வெளிக் கல்லூரி கட்டுவதற்காக இஸ்ரோ விலைக்கு வாங்கியது. 2007-ல் விவகாரம் வெடித்தது. அது எளிதில் சிதையக்கூடிய வன நிலம், எப்போதோ அரசுக்குச் சொந்தமாகிவிட்டது என்றது கேரள வனத்துறை. ஆக, அரசு தன்னுடையது என்று சொல்லும் நிலத்துக்கு மத்திய அரசு நிறுவனம் தனியாரிடம் பணம் கட்டியிருந்தது!

வனத்துறையின் ஆயுதம் 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 2000 ஜூன் 2 முதலே அமலுக்கு வந்ததாகக் கருதப்படும் சட்டம் அது. காப்புக்காட்டை ஒட்டி, இயற்கைத் தாவரங்கள் மண்டிய தனியார் நிலத்தை அரசு இழப்பீடில்லாமலே எடுத்துக்கொள்ளலாம். தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு விலக்கு. சரி, கவனிப்பாரற்ற எஸ்டேட்டில் புதர் ஏறிவிட்டால் அது தோட்டமா, காடா? வழக்குகள் பிறப்பது இங்கேதான். இழப்பீடு தந்து எடுக்கவும் அதே சட்டத்தின் 4-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கஜானாவைத் திறக்க வேண்டும்.

அமெரிக்காவின் போல்டர் நகரத்தார் கஜானாவைத் தாங்களே நிரப்பினார்கள். ஊரைச் சுற்றியுள்ள இயற்கை நிலங்களை வாங்குவதற்கென்றே, நூறு டாலருக்கு 40 சென்ட் விற்பனை வரியை 1967-ல் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். காட்டைக் காப்பது ஊரின் ஆசை என்றால், செலவும் ஊருடையது என்ற கணக்கு. பொன்முடியில் செலவை எஸ்டேட்காரர் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனதில் வியப்பில்லை.

கல்லூரி? 2010-ல் மலைக்குக் கீழே வலியமலையில் புது வளாகத்துக்குக் குடிபோனது. அங்கே இஸ்ரோவுக்கு ஏற்கெனவே இடம் இருந்தது.