“எனக்கு பயமா இருக்கு” என்று சொன்னால் போதுமா? அமெரிக்காவின் 100 ஆண்டு கைத்துப்பாக்கி லைசென்ஸ் சண்டை

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்திருப்பது ஒரு விஷயம். அதே துப்பாக்கியை இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போவது முற்றிலும் வேறு விஷயம். முதலாவதைப் பற்றித்தான் நாம் செய்திகளில் அதிகம் படிக்கிறோம். ஆனால் அந்த நாட்டின் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நூறு வருஷத்துக்கும் மேலாக ஓயாமல் நடக்கும் சண்டை இரண்டாவதைப் பற்றியது. தெருவில் துப்பாக்கியோடு நடக்க லைசென்ஸ் வேணுமா? வேணும் என்றால், அதை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம் என்று முடிவு செய்வது யார்?

இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏன் என்று பார்க்க 1911-ம் ஆண்டுக்குப் போகணும்.

சல்லிவன் கொண்டுவந்த சட்டம்

1911 ஜனவரி. நியூயார்க் நகரின் கிராமர்சி பார்க் அருகே டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் என்ற நாவலாசிரியர் பட்டப்பகலில் சுடப்பட்டார். சுட்டவர் அடுத்த நிமிடமே தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 1910 ஆகஸ்டில், நகர மேயர் வில்லியம் கேய்னர் மீதும் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. ஊரே கொந்தளித்தது. அந்தச் சூட்டில் மாநில செனட்டர் டிமோத்தி சல்லிவன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ‘பிக் டிம்’ என்று அழைக்கப்பட்ட இவர், நியூயார்க் அரசியலை ஆட்டிப்படைத்த டாமனி ஹால் கும்பலின் பெரிய புள்ளி.

சட்டையில் மறைத்து வைக்கக்கூடிய சிறிய துப்பாக்கி எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். இதுதான் சல்லிவன் சட்டத்தின் சாரம். தனக்குப் பிடிக்காதவர்களின் பாக்கெட்டில் துப்பாக்கியைப் போட்டு மாட்டிவிடத்தான் சல்லிவன் இதைக் கொண்டுவந்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, சட்டம் வந்த வேகத்தில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி. மிரட்டிப் பணம் பறிக்கும் ‘பிளாக் ஹேண்ட்’ கும்பலுக்குப் பயந்து துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். கிடைத்தது ஒரு வருஷ சிறை. குடியேறிய இத்தாலியர்கள் மீது அன்றைய பத்திரிகைகளுக்கு இருந்த வெறுப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது புரியும்.

1913-ல் ஒரு திருத்தம் வந்தது. துப்பாக்கியோடு வெளியே நடக்க விரும்புபவர் ‘தக்க காரணம்’ காட்டணும். இரண்டே வார்த்தை. ஆனால் அடுத்த 109 ஆண்டுகளுக்கு நியூயார்க்கில் யார் துப்பாக்கியோடு நடக்கலாம் என்பதை இந்த இரண்டு வார்த்தைகள்தான் முடிவு செய்தன.

‘கொடுக்கலாம்’, ‘கொடுத்தே ஆகணும்’

பாதுகாப்பாக இல்லை என்று தோன்றுகிறது, ஏரியா சரியில்லை, இரவில் வேலை முடிந்து வருகிறேன் – இதெல்லாம் ‘தக்க காரணம்’ ஆகாது என்று நியூயார்க் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பயம் போதாது. உங்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருப்பதைக் காட்டணும். அதைக் கேட்டு முடிவு சொல்பவர் பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு நீதிபதி. நியூயார்க் நகரில் போலீஸ். அதிகாரி நினைத்தால் ‘கொடுக்கலாம்’. இதைத்தான் ‘மே இஷ்யூ’ முறை என்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது ‘ஷேல் இஷ்யூ’. வயது, குற்றப் பின்னணி, பயிற்சி என்று சட்டம் போட்ட பட்டியலில் தேறிவிட்டால் லைசென்ஸ் ‘கொடுத்தே ஆகணும்’. அதிகாரிக்குப் பிடிக்குதா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. 1987-ல் புளோரிடா இந்த முறைக்கு மாறிய பிறகு மாநிலம் மாநிலமாக இது பரவியது.

படிக்கும்போது ‘மே இஷ்யூ’ முறைதான் பொறுப்பானது என்று தோன்றும். ஆயுதம் கேட்பவரை ஓர் அதிகாரி நேரில் பார்த்து, விசாரித்து, யோசித்துக் கொடுப்பது நல்லதுதானே? நடைமுறையில் அந்த யோசனை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1956 ஜனவரியில் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் ஒரு வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. உள்ளே அந்த வீட்டுக்காரரின் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். விண்ணப்பித்தவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். வீட்டில் குண்டு வெடித்ததே ‘தனி ஆபத்து’ இல்லை என்றால் வேறு எதுதான் ஆபத்து?

இது தற்செயல் அல்ல. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1865-ல், விடுதலையான கறுப்பினத்தவர் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. நூறு வருஷம் கழித்து, 1967-ல், கலிபோர்னியாவில் பிளாக் பேந்தர்ஸ் அமைப்பினர் துப்பாக்கிகளோடு சேக்ரமென்டோவில் உள்ள சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டம் அதே ஆண்டில் வந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்டு ரீகன். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையான அதே ரீகன்தான்!

நியூயார்க்குக்கே திரும்புவோம். அங்கே லைசென்ஸ் கிடைத்தவர்களில் டொனால்டு டிரம்பும் ஒருவர். 2016-ல் நியூயார்க் போலீஸின் லைசென்ஸ் பிரிவிலேயே, லஞ்சம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்ததாக வழக்கு வெடித்தது. இடைத்தரகர் சிறைக்குப் போனார். அதிகாரியின் விருப்பத்தில் ஓர் உரிமையைத் தொங்கவிட்டால், அது பணமும் செல்வாக்கும் இருக்கும் பக்கம் சாயும் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

2022-ல் எல்லாம் மாறியது

வடக்கு நியூயார்க்கைச் சேர்ந்த இருவர், வேட்டை, பயிற்சி போன்றவற்றுக்கு மட்டுமான கட்டுப்பாடுள்ள லைசென்ஸ் வைத்திருந்தார்கள். தற்காப்புக்காக எங்கும் எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார்கள்; கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2022 ஜூன் 23 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ‘தக்க காரணம்’ விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய இதுதான் புரூயன் தீர்ப்பு. பேச்சுரிமையைப் பயன்படுத்த யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது திருத்தம் தரும் ஆயுத உரிமைக்கு மட்டும் எதற்கு என்பது அவர் வாதம். கலிபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் என மற்ற ‘மே இஷ்யூ’ மாநிலங்களின் சட்டங்களும் இதோடு ஆட்டம் கண்டன.

அந்த நேரத்தையும் நினைத்துப் பார்க்கணும். மே 14 அன்று அதே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து டெக்சாஸின் யுவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும். அந்த ரத்தம் காய்வதற்குள் வந்த தீர்ப்பு இது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயர், துப்பாக்கிச் சாவுகளின் எண்ணிக்கையோடுதான் தொடங்கினார்.

இந்த வழக்கில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு மனு உண்டு. ‘தக்க காரணம்’ விதியை எதிர்த்து மனு போட்டவர்களில் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைகளுக்காக வாதாடும் இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். இவர்கள் துப்பாக்கிப் பிரியர்கள் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக ஒவ்வொரு வருஷமும் தங்களிடம் வரும் கட்சிக்காரர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியர்களும்தான் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பணக்காரருக்கு லைசென்ஸ், ஏழைக்கு சிறை என்பதுதான் அந்த மனுவின் சாரம். இடதுசாரிப் பக்கமே இதில் ஒரே குரலில் பேசவில்லை.

அப்போ லைசென்ஸே வேண்டாமா?

இங்கேதான் வாதம் தடம் மாறுகிறது. அதிகாரியின் விருப்பம் கூடாது என்பது ஒரு வாதம். லைசென்ஸே கூடாது என்பது வேறு வாதம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரு பெரிய அரசியல் அலை எழுந்திருக்கிறது. வெர்மான்ட் மாநிலம் எப்போதுமே லைசென்ஸ் கேட்டதில்லை. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2021-ல் டெக்சாஸ், 2023-ல் புளோரிடா என்று போய், 2024-ல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது எண்ணிக்கை 29 ஆனது. 50-ல் 29! லைசென்ஸ் இல்லை என்றால் பயிற்சியும் கட்டாயமில்லை. துப்பாக்கியில் ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காதவரும் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

புரூயன் தீர்ப்பு இதைச் சொல்லவே இல்லை. பின்னணிச் சோதனை, பயிற்சி என்று தெளிவான விதிகள் கொண்ட ‘ஷேல் இஷ்யூ’ லைசென்ஸ் தொடரலாம் என்று நீதிபதி பிரெட் கேவனா தனியாகவே எழுதினார். டெக்சாஸில் லைசென்ஸை ஒழித்தபோது அதை எதிர்த்தவர்களில் போலீஸ் அமைப்புகளும் இருந்தன. ராத்திரி நேரத்தில் ஒரு காரை மறிக்கும் போலீஸ்காரருக்கு, உள்ளே இருப்பவர் துப்பாக்கி கையாளத் தெரிந்தவரா, தெரியாதவரா என்ற கேள்வி சட்டப் புத்தகக் கேள்வி அல்ல.

லைசென்ஸ் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே அதிகாரியிடம் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். அதிகாரி அடுத்த ஆண்டு விடுதலையானார்.

சரி, துப்பாக்கியோடு நடப்பவர்கள் கூடினால் குற்றம் குறையுமா, கூடுமா? குறையும் என்று 1998-ல் பொருளாதார ஆய்வாளர் ஜான் லாட் எழுதிய புத்தகத்தைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருடைய முடிவை அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 2004-ல் அலசிவிட்டு, குறையும் கூடும் என எதையும் உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. 2019-ல் ஸ்டான்போர்டின் ஜான் டோனஹ்யூ குழு இன்னும் நீண்ட காலத் தரவைப் பார்த்தது. ‘கொடுத்தே ஆகணும்’ முறைக்கு மாறிய மாநிலங்களில் பத்து ஆண்டில் வன்முறைக் குற்றம், மாறாமல் இருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. வழியில் களவு போகும் துப்பாக்கிகளும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். இன்றைக்கு ஆதாரத்தின் எடை லாட் பக்கம் இல்லை.

அடுத்த களம்: போர்டு

லைசென்ஸை மறுக்க முடியாது என்றானதும் நியூயார்க் வேறு வழி பிடித்தது. தீர்ப்பு வந்த எட்டே நாளில், 2022 ஜூலை 1-ல் புதுச் சட்டம். 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பயிற்சி. டைம்ஸ் ஸ்கொயர், சப்வே, பூங்கா போன்ற இடங்களில் தடை. இவற்றைக் குறை சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பிப்பவர் மூன்று வருஷ சமூக வலைதளக் கணக்குகளையும் ஒப்படைக்கணும் என்றது சட்டம். பழைய ‘தக்க காரணம்’ புது வேஷத்தில் வந்த மாதிரிதான் அது. நீதிமன்றம் அதைத் தடுத்தது.

2024-ல் உச்ச நீதிமன்றமே கொஞ்சம் பின்வாங்கியது. குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவு பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்ற மத்திய சட்டத்தை ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்தது. எதிர்த்த அந்த ஒருவர், புரூயன் தீர்ப்பை எழுதிய அதே தாமஸ்.

இப்போது சண்டை கடைவாசலுக்கு வந்திருக்கிறது. ஹவாய் சட்டப்படி, உரிமையாளர் வெளிப்படையாக அனுமதிக்காத கடைக்குள் துப்பாக்கியோடு நுழையக்கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் இது தலைகீழ்: உரிமையாளர் தடுக்காத வரை நுழையலாம். ஹவாய் வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் ‘துப்பாக்கிக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு வைக்கணுமா, இல்லை ‘அனுமதி உண்டு’ என்று வைக்கணுமா, போர்டே இல்லாத கடையில் எந்த விதி என்பதுதான் கேள்வி.