கோபுரத்தை ஒட்டிய வீடு

யேட்ஸ் பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள் நேராகக் கோபுரத்தில் ஏறிவிடுகிறார்கள். சுழல் படிக்கட்டு, தனிமை, கவிதை. கூடவே ஒரு பெருமூச்சு: எனக்கும் அப்படி ஓர் இடம் கிடைத்தால் எழுதித் தள்ளிவிடுவேன். இந்தப் பெருமூச்சைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அயர்லாந்தின் கால்வே பகுதியில், ஆற்றோரம் நிற்கும் தூர் பாலிலீ, பர்க் வம்சத்து நார்மன் பிரபுக்களின் கல்கோட்டை. 1917இல் யேட்ஸ் அதை 35 பவுண்டுக்கு வாங்கினார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கோபுரத்தை ஒட்டி ஒரு குடியானவர் வீடு இருந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே யேட்ஸ் அந்த இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் கோபுரத்துக்குள் ஒரு விவசாயியும் மனைவியும் குடியிருக்கிறார்கள். சின்ன வீட்டில் அவர்கள் மகளும் மருமகனும். பக்கத்தில் மாவு ஆலை, அதில் ஒரு கிழவர். பிரபுக்கள் போன பிறகு அந்தக் கல்லுக்குச் சூடு கொடுத்தது குடியானவர் அடுப்பு.

கவிஞர் வாங்கியபோது கோபுரம் பாழாகிக் கிடந்தது உண்மைதான். மீட்டது யார்? அங்கே பதித்திருக்கும் கல்லில் அவர் கவிதை இருக்கிறது. அதில் ஆலைப் பலகை உண்டு, கொல்லுப்பட்டறை வேலை உண்டு, 'நான்' உண்டு. கொத்தனார் இல்லை, தச்சர் இல்லை. மனைவி ஜார்ஜ் பெயர் இருக்கிறது, பரிசு வாங்கிக்கொள்பவராக. முதலில் குடியிருக்கத் தயாரானது கோபுரம் இல்லை, சின்ன வீடு. சமையலும் அங்கேதான். 1922இல் உள்நாட்டுப் போரின்போது குடியரசுப் படையினர் வாசலை ஒட்டிய பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போது ஜார்ஜுக்கு மூன்று வயது மகள், ஒரு வயதுகூட நிரம்பாத மகன். தனிமையாம்!

நான் சாஃப்ட்வேர்காரன். டெமோவில் கைதட்டல் வாங்குவது ஸ்கிரீன். ராத்திரி மூணு மணிக்கு முழித்திருப்பது சர்வரும் அதைப் பார்த்துக்கொள்பவனும்.

'குறியீடுப்பா அது, அதுக்குள்ள போய் அடுப்பைத் தேடாதே' என்பீர்கள். 1928இல் வந்த தொகுப்புக்குப் பெயரே கோபுரம்தான். மகத்தான கவிதைகள், மறுக்கவில்லை. ஆனால் யேட்ஸ் அந்தக் குடியானவர் குடும்பத்தைப் பார்த்தார், எழுதவும் செய்தார். அழித்தது நாம். எழுத்தாளர் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள, வெளியே யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார்கள். அந்த யாரோ எழுத நினைத்தது என்ன ஆச்சு என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா?

1920களின் இறுதியோடு அந்தக் குடும்பம் அங்கே கோடைகளைக் கழிப்பது நின்றது. அடுப்பு அணைந்தது, கோபுரம் மறுபடி பாழானது. 1965இல்தான் பழுதுபார்த்துத் திறந்தார்கள், பார்வையாளர்களுக்காக.